ஸ்பெயினில் அவசரம் வந்தால் என்ன சொல்வது? தமிழ் வழியே ஸ்பானிஷ், படிப்படியாக

வலென்சியாவுக்குப் படிக்கவும் வேலைக்கும் வந்து இறங்குகிற நம் ஊர்ப் பிள்ளைகளை முதல் வாரத்திலேயே உட்கார வைத்து, அவசரத்துக்கு வேண்டிய ஸ்பானிஷை வாய்விட்டுச் சொல்ல வைப்பது என் வழக்கம். எல்லோரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். இணையத்தில் கிடைத்த நூறு வாக்கியங்களை ஆங்கிலத்தில் யோசித்து ஸ்பானிஷில் மனப்பாடம் செய்து வருகிறார்கள். ரத்தத்தைக் கண்டதும் நூறும் பறந்துவிடுகிறது.

இருபது, முப்பது வாக்கியம் போதும். ஆனால் ஆங்கிலத்தை நடுவில் விடாதீர்கள். “எனக்கு வலிக்குது”, “பர்ஸை அடிச்சுட்டாங்க” என்று நாம் சொல்லும் அமைப்பிலேயே ஸ்பானிஷும் நடக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் பதற்றத்திலும் வாக்கியம் தானாக வரும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் படியுங்கள். ஒலி தெரியாமல் வாக்கியத்துக்குப் போனால் திரும்பவும் முதலில் இருந்து வர வேண்டியிருக்கும்.

1. முதலில் ஒரு தாள்

பேசக் கற்கும் முன் எழுதி வையுங்கள். மயங்கிக் கிடக்கிறவரால் எந்த மொழியும் பேச முடியாது.

அரைப் பக்கத் தாளில், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே உங்கள் பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மாத்திரைகள், தங்கியிருக்கும் முகவரி, வீட்டாரின் எண் ஆகியவை இருக்கட்டும். மாத்திரைக்கு இந்தியக் கம்பெனிப் பெயரை எழுதாதீர்கள். அந்தப் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் வேதிப் பெயரை எழுதுங்கள். மெட்ஃபார்மின் என்றால் உலகம் முழுக்க மெட்ஃபார்மின்தான்.

ஷெங்கன் விசாவில் வந்தவர்கள் எல்லோரிடமும் அதற்காகக் குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுத்த காப்பீடு இருக்கும். விசா வந்ததும் அதை மெயிலிலேயே புதைத்துவிடுவார்கள். பாலிசி எண்ணையும் 24 மணி நேர உதவி எண்ணையும் அதே தாளில் சேருங்கள். தனியார் மருத்துவமனைக்குப் போகும் முன் அந்த எண்ணை அழைத்துவிட்டால், எங்கே போக வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். அழைக்காமல் போனால் முதலில் உங்கள் கைக்காசுதான் போகும்.

போனில் *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். போன் களவு போனால் போலீஸ் அதைத்தான் கேட்கும். களவு போன பிறகு அதை எடுக்க வழி தேட வேண்டும்.

தாளைப் போன் உறையில் வைக்காதீர்கள். போனோடு அதுவும் போய்விடும்.

2. வாயைப் பழக்குவது

இதில் நமக்குப் பாதி வேலை முடிந்தேயிருக்கிறது. இரண்டு உயிரெழுத்துக்கு நடுவில் ஸ்பானிஷ்காரர்களின் மெல்லிய ஒலி, “அது” என்பதில் நாம் சொல்லும் ‘து’தான். அவர்களின் ஞகரம் நம் ஞகரம். நீட்டி உருட்டும் றகரமும் ஒற்றை ரகரமும் அங்கேயும் தனித்தனி. குமரி மாவட்டத்துக்காரர்கள் இதைச் சொல்லிக்கொடுக்காமலே சரியாகச் சொல்கிறார்கள்.

ஆகவே இங்கே எழுதியிருப்பதைத் தமிழாகவே படியுங்கள். நடுவில் ஒற்றையாக வந்தால் மென்மை, இரட்டித்து வந்தால் வன்மை. ‘ந்தோ’ என்றால் “வந்தோம்” போல. ‘ன்த்தோ’ என்றால் அதே இடத்தில் வலிய த.

சொல்லின் முதலில் வரும் எழுத்துதான் தகராறு. தமிழ் எழுத்தில் அங்கே வன்மையா மென்மையா என்று தெரியாது. ‘தோந்தெ’ (எங்கே), ‘தோஸ்’ (இரண்டு) இரண்டிலும் தோசையின் ‘தோ’ வர வேண்டும். ‘பாஞோ’ (கழிவறை) என்பதில் பஸ்ஸின் ‘ப’. இப்படி வரும் மற்ற இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

‘ஹ’ என்று எழுதியிருப்பது தொண்டையில் இருந்து, காறுவதற்குச் சற்று முன்னால் நிற்கும் ஒலி. நெடில் எங்கே இருக்கிறதோ அங்கே அழுத்துங்கள். இரண்டு நெடில் இருந்தால் முதலாவதை அழுத்துங்கள், சொல்லின் கடைசியில் மட்டும் வரும் ‘ஓ’, ‘யா’ ஒலிகளை அழுத்த வேண்டாம். அழுத்தம் இடம் மாறினால்தான் எதிரில் இருப்பவர் முழிப்பார். ரகர றகரத் தவறையெல்லாம் பெரும்பாலும் மன்னித்துவிடுவார்கள்.

3. கூவி அழைப்பது

வாக்கியம் வேண்டாம், சொல் போதும்.

அயூதா! – உதவி!
சொக்கோறோ! – காப்பாத்துங்க! உயிர் ஆபத்து என்றால் இது.
ஃபுவேகோ! – தீ!
குயிதாதோ! – பார்த்து! கவனம்!

கூட்டத்தில் “அயூதா” என்று பொதுவாகக் கத்தினால் எல்லோரும் திரும்புவார்கள். மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று அத்தனை பேரும் நிற்பார்கள். நம் ஊர் விபத்திலும் இதே கதைதான். எனவே ஒருவரைக் கைகாட்டி, கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்:

உஸ்தேத், யாமெ அல் ஊனோ ஊனோ தோஸ்! – நீங்க, 112-க்குப் போன் பண்ணுங்க!
யாமெ ஆ ஊனா அம்புலான்ஸியா! – ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!
யாமெ ஆ லா பொலிஸீயா! – போலீஸைக் கூப்பிடுங்க!

‘உஸ்தேத்’ நம் ‘நீங்க’. ‘தூ’ என்றால் ‘நீ’. ஸ்பெயினில் கடைக்காரர்கூட ‘தூ’ போட்டுத்தான் பேசுவார், அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போலீசிடமும் மருத்துவரிடமும் நீங்கள் ‘உஸ்தேத்’ வடிவத்தில் நின்றால் யாருக்கும் மனக்குறை இல்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் ‘நீ’ போட்டே ஆக வேண்டும். அது 10-ஆம் பகுதியில் வருகிறது.

4. 112-இல் பேசுவது: முதலில் இடம்

ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் மூன்றுக்கும் 112. கட்டணம் இல்லை. ஒவ்வொரு தன்னாட்சிப் பகுதியும் தனித்தனியாக நடத்துகிறது. ஆங்கிலம் பேச ஆள் பெரும்பாலும் கிடைப்பார், ஆனால் இணைப்பு மாற்றக் கொஞ்ச நேரம் ஆகலாம். தேசியப் போலீசுக்கு நேரடியாக 091, உள்ளூர்ப் போலீசுக்கு 092, ஊர்ப்புறமும் நெடுஞ்சாலையும் பார்க்கும் குவார்தியா சிவிலுக்கு 062. இதையெல்லாம் மனப்பாடம் செய்து குழம்ப வேண்டாம். 112 ஒன்று தெரிந்தால் போதும்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் “ஹலோ, என் பெயர் இன்னது, நான் இந்தியாவில் இருந்து…” என்று தொடங்குவார்கள். நடுவில் லைன் துண்டித்தால் நீங்கள் யார் என்பது மட்டும் தெரிந்திருக்கும், எங்கே என்பது தெரியாது. வண்டி புறப்பட முகவரி வேண்டும். ஆகவே இடம், என்ன நடந்தது, எத்தனை பேர், கடைசியாகப் பெயர்.

எஸ்தொய் என்… – நான் … இல் இருக்கிறேன்.
ஆய் உன் அக்ஸிதென்த்தெ – விபத்து நடந்திருக்கிறது.
நோ றெஸ்பீரா – மூச்சு இல்லை.
ஸெ ஆ தெஸ்மயாதோ – மயங்கிவிட்டார். பெண் என்றாலும் இதே வாக்கியம்தான்.
எஸ்தா ஸங்கராந்தோ – ரத்தம் வருகிறது. (சங்கராந்தியை நினைத்துக்கொண்டால் மறக்காது.)
ஆப்லோ இங்லேஸ் – நான் ஆங்கிலம் பேசுவேன்.

முகவரியில் தெருப் பெயர், கட்டட எண், மாடி, கதவு என்று நான்கு வேண்டும். ‘காயெ மயோர், தோஸெ, தெர்ஸேரோ பே’ என்றால் மயோர் தெரு, 12, மூன்றாம் மாடி, பே (B) கதவு. மாடி எண்ணுவது நம் ஊர் மாதிரிதான், தரைத்தளத்தை ‘பாஹோ’ என்பார்கள் (பஸ்ஸின் ப). பார்சிலோனாவின் பழைய கட்டடங்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. தரைக்கும் முதல் மாடிக்கும் நடுவில் ‘என்த்ரெஸுவேலோ’, ‘ப்ரின்ஸிப்பால்’ என்று இரண்டு தளம் ஒளிந்திருக்கும். படி எண்ணி “முதல் மாடி” என்று சொன்னால், ஸ்ட்ரெச்சர் தூக்கி வருபவர் வேறொரு கதவைத் தட்டுவார். மாடியில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லுங்கள்.

எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: ஊனோ, தோஸ், த்ரெஸ், குவாத்ரோ, ஸிங்க்கோ, ஸெய்ஸ், ஸியேத்தெ, ஓச்சோ, நுவேபெ. பூஜ்யத்துக்கு ஸேரோ. அறுபது ‘ஸெஸேன்த்தா’, எழுபது ‘ஸெத்தேன்த்தா’. போனில் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும், அதனால் 67-ஐ ‘ஸெய்ஸ், ஸியேத்தெ’ என்று பிரித்துவிடுங்கள்.

நெடுஞ்சாலையில் முகவரி கிடையாது. சாலையின் பெயர், ஓரத்துக் கிலோமீட்டர் பலகை, எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தீர்கள் என்ற மூன்றையும் சொல்லுங்கள். ‘திரெக்ஸியோன் வலென்ஸியா’ என்றால் வலென்சியா நோக்கி. சாலை நடுவில் தடுப்பு இருந்தால், திசை தெரியாமல் வரும் வண்டி எதிர்ப்பக்கம் நின்று உங்களைப் பார்க்கும்.

எங்கே இருக்கிறோம் என்றே தெரியாதவர்களுக்கு உள்துறை அமைச்சகத்தின் அலெர்ட்காப்ஸ் செயலி இருக்கிறது. போலீசுக்கு உங்கள் இடத்தையும் காட்டும், எழுத்தில் உரையாடவும் முடியும். இறங்கிய அன்றே பதிவு செய்துவிடுங்கள், அவசரத்தில் பதிவு செய்ய முடியாது.

5. வலியைச் சொல்வது

இங்கேதான் ஆங்கிலத்தை விட்டால் லாபம். “எனக்கு நெஞ்சு வலிக்குது” என்கிறோம். எனக்கு, வலிக்குது, நெஞ்சு. ஸ்பானிஷிலும் அதேதான்:

மெதுவேலெ எல் பேச்சோ – எனக்கு நெஞ்சு வலிக்குது.

‘மெ’ என்றால் எனக்கு. ‘துவேலெ’ வலிக்கிறது. இரண்டு சொல்தான், ஆனால் சேர்த்தே சொல்லுங்கள், அப்போது நடுவில் வரும் ‘து’ தானாக மென்மையாகிவிடும். நான் முதன்முதலில் இதைச் சொல்லிக்கொடுத்த பையன் “மெதுவேலெ, மெதுவே…லே” என்று திருநெல்வேலிப் பாணியில் இழுத்துவிட்டு அரை மணி நேரம் சிரித்துக்கொண்டிருந்தான். மூன்று மாதம் கழித்துப் பல்வலியோடு போன இடத்தில் அவனுக்கு நினைவில் இருந்த ஒரே வாக்கியமும் அதுதான்.

பின்னால் உறுப்பை மாற்றிக்கொள்ளுங்கள்: லா கபேஸா (தலை), எல் எஸ்தோமகோ (வயிறு), லா எஸ்பால்தா (முதுகு), லா முவேலா (கடைவாய்ப்பல்), எல் ப்ராஸோ இஸ்கியேர்தோ (இடது கை). உறுப்பின் பெயர் வராவிட்டால் தொட்டுக்காட்டி ‘மெதுவேலெ அக்கீ’, இங்கே வலிக்குது. “என் தலை” என்று ‘என்’ சேர்க்க வேண்டியதில்லை. தமிழில் நாம் சேர்ப்பதில்லை, அவர்களும் சேர்ப்பதில்லை.

அதிகமாக வலித்தால் ‘மூச்சோ’ சேருங்கள், ‘மெதுவேலெ மூச்சோ’. ‘மூச்சோ’ என்றால் ரொம்ப. மூச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மூச்சுத் திணறினால் ‘நோ புவேதோ றெஸ்பிரார்’.

காய்ச்சல், ஒவ்வாமை, சர்க்கரையெல்லாம் ‘தெங்கோ’வில் அடங்கும். எனக்கு இருக்கிறது என்று பொருள்.

தெங்கோ ஃபியேப்ரெ – காய்ச்சல் இருக்கு.
தெங்கோ தியபேத்தெஸ் – சர்க்கரை இருக்கு.
தெங்கோ லா தென்ஸியோன் ஆல்த்தா – பி.பி. அதிகம்.
தெங்கோ அலேர்ஹியா ஆ லா பெனிஸிலீனா – பெனிசிலின் ஒத்துக்காது.

புத்தகங்களில் ஒவ்வாமைக்கு வேறொரு வாக்கியம் இருக்கும். அதில் சொல்பவர் ஆணா பெண்ணா என்று பார்த்து ஈற்றை மாற்ற வேண்டும். அந்தத் தொல்லை ‘தெங்கோ’வில் இல்லை. அவசரத்தில் இலக்கணம் யோசிக்க வைக்கும் வாக்கியத்தை நான் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

மெ எ கயீதோ – விழுந்துட்டேன்.
மெ எ கெமாதோ – சுட்டுக்கிட்டேன்.
எ பொமித்தாதோ – வாந்தி எடுத்தேன்.

6. மருத்துவமனைக்குள்: கேள்விகளும் உங்கள் அப்பா பெயரும்

வாசலில் ‘உர்ஹென்ஸியாஸ்’ என்ற பலகையைத் தேடுங்கள். கத்தலான் என்ற வட்டார மொழியில் எழுதும் இடங்களில் ‘உர்ஜென்ஸியெஸ்’ என்ற மாதிரி சிறிது மாறியிருக்கும், அடையாளம் தெரியும். ஸ்பெயினின் வடக்கில் உள்ள பாஸ்க் பகுதியில் ‘லறியால்தியாக்’ என்ற பலகையும் பக்கத்திலேயே இருக்கும். பேச்சுக்கு ஸ்பானிஷ் எல்லா ஊரிலும் போதும்.

முதல் மேசையில் உங்களிடம் ‘நோம்ப்ரெ’, ‘ப்ரிமேர் அப்பெயீதோ’, ‘ஸெகுந்தோ அப்பெயீதோ’ என்று மூன்று கேட்பார்கள்: பெயர், முதல் குடும்பப் பெயர், இரண்டாவது குடும்பப் பெயர். அவர்களுக்கு அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்று இரண்டு உண்டு. நமக்கு இனிஷியல்தான் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எது இருக்கிறதோ அதை முதலாவதில் கொடுத்து, ‘நோ தெங்கோ ஸெகுந்தோ அப்பெயீதோ’ (இரண்டாவது இல்லை) என்று சொல்லிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். அவர்களாகப் பிரித்து எழுதினால், பிறகு காப்பீட்டுக்காரர் “இது நீங்கள்தானா?” என்பார்.

இன்னொரு சிக்கல், கூப்பிடும்போது வரும். வயிற்றுவலியோடு போன ஒரு மாணவி இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாள். மூன்று முறை ‘சுப்ரமணியன்’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். யாரோ நம் ஊர்க்காரர் போலிருக்கிறது, ஏன் எழுந்து வரவில்லை என்று அவளும் திரும்பிப் பார்த்திருக்கிறாள். அது அவள் அப்பா பெயர். காத்திருக்கும் அறையில் நீங்கள் உங்கள் அப்பாதான், அந்தப் பெயருக்குக் காது கொடுங்கள். அதையும் ஸ்பானிஷ் வாயில் எப்படி வரும் என்று கற்பனை செய்து வையுங்கள்.

உள்ளே போனால் பேசுவதைவிடக் கேட்பதுதான் கடினம். ஆனால் கேள்விகள் கிட்டத்தட்ட எப்போதும் இவைதான்:

கே லெ பாஸா? – என்ன ஆச்சு?
தோந்தெ லெ துவேலெ? – எங்கே வலிக்குது?
தெஸ்தெ குவாந்தோ? – எப்போதிலிருந்து?
தோமா அல்கூனா மெதிக்கஸியோன்? – ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?
தியேனெ அலேர்ஹியாஸ்? – ஒவ்வாமை உண்டா?

“எப்போதிலிருந்து” என்பதற்கு ‘தெஸ்தெ அயேர்’ (நேற்றிலிருந்து), ‘தெஸ்தெ எஸ்தா மஞானா’ (இன்று காலையிலிருந்து). மருந்துக் கேள்விக்குத் தாளை நீட்டுங்கள்.

புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள். நமக்குள்ள பெரிய கெட்ட பழக்கம் அது. மரியாதைக்காக “சீ, சீ” என்றால் ஆமாம், ஆமாம் என்று எழுதிக்கொள்வார்கள். ‘நோ என்த்தியெந்தோ’ (புரியலை), ‘மாஸ் தெஸ்பாஸியோ, போர் ஃபபோர்’ (கொஞ்சம் மெதுவா), ‘புவேதெ எஸ்க்ரிபீர்லோ?’ (எழுதிக் காட்ட முடியுமா?). மூன்றாவதுதான் தங்கம். எழுதிவிட்டால் போன் மொழிபெயர்த்துவிடும்.

கிளம்பும் முன் ‘நெஸெஸீத்தோ எல் இன்ஃபோர்மெ இ லா ஃபக்தூரா’, அறிக்கையும் ரசீதும் வேண்டும் என்று கேளுங்கள். இரண்டும் இல்லாமல் காப்பீட்டில் பணம் வாங்க முடியாது. ஊர் திரும்பிய பிறகு கேட்டுப் பெறுவது பெரும்பாடு.

7. தவறாகப் புரியும் நான்கு சொற்கள்

ஆங்கிலம் தெரிந்தவர்களைத்தான் இவை ஏமாற்றும்.

‘கொன்ஸ்திப்பாதோ’ என்றால் சளி பிடித்திருக்கிறது. மலச்சிக்கலுக்கு ‘எஸ்த்ரெஞிமியேன்த்தோ’. முதலாவதைச் சொன்னால் மருந்துக்கடையில் இருமல் சிரப் வரும்.

‘எம்பரஸாதா’ என்றால் கர்ப்பிணி. தூதரகம் ‘எம்பஹாதா’. பாஸ்போர்ட்டைத் தொலைத்தவர் ஒருவர் பதற்றத்தில் “எம்பரஸாதா, எம்பரஸாதா” என்று கேட்க, எதிரில் இருந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாராம். மீசை வைத்த மனிதர் அவர்.

‘ஆஞோஸ்’ என்றால் வயது, ஆண்டுகள். ‘ஆனோஸ்’ என்று னகரத்தில் சொன்னால் ஆசனவாய்கள். ஞகரம் நம்மிடம் இருக்கும்போது இந்த அசிங்கம் நமக்குத் தேவையில்லை.

நான்காவது சிரிப்புக்குரியது அல்ல. ‘இன்த்தொக்ஸிக்காதோ’ என்பது உணவோ மருந்தோ ஒத்துக்கொள்ளாமல், உடம்பில் ஏதோ நஞ்சாகிவிட்ட நிலை. ஆங்கிலக் காதுக்குப் போதை என்று கேட்கும். 1980-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மயங்கிய 18 வயது இளைஞனின் கியூபக் குடும்பம் இந்தச் சொல்லைச் சொன்னது. மருத்துவர்கள் போதை மருந்து அதிகமாகிவிட்டது என்று புரிந்துகொண்டு அதற்கே சிகிச்சை கொடுத்தார்கள். உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. இரண்டு கை கால்களும் செயலிழந்தன. உங்களுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நோயின் பெயரைத் தேடாதீர்கள். என்ன சாப்பிட்டீர்கள், எப்போது, உடம்பு என்ன செய்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். பெயர் வைப்பது மருத்துவர் வேலை.

8. மருந்துக்கடை

பச்சைச் சிலுவை எரிந்தால் திறந்திருக்கிறது. தலைவலி மாத்திரைகூடச் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது, மருந்துக்கடைக்குத்தான் போக வேண்டும். இரவில் ‘ஃபர்மாஸியா தெ குவார்தியா’ என்று முறை வைத்து ஒன்று திறந்திருக்கும். எது என்ற பட்டியல் மூடியிருக்கும் கடைக் கதவிலேயே ஒட்டியிருக்கும். நள்ளிரவில் சின்ன ஜன்னல் வழியாகத்தான் கொடுப்பார்கள், உள்ளே விடவில்லையே என்று நினைக்காதீர்கள்.

ஆன்டிபயாடிக்கைச் சீட்டு இல்லாமல் கேட்டு வாதிட வேண்டாம். ஒரு கிராம் பாரசெட்டமாலுக்கே சீட்டு வேண்டும். ‘தெங்கோ றெஸேத்தா’ என்றால் சீட்டு இருக்கிறது. ரெசிப்பி, ரசீது இரண்டுமல்ல.

9. திருட்டும் தொலைந்ததும்

இங்கேயும் தமிழ் கைகொடுக்கும். “பர்ஸை அடிச்சுட்டாங்க” என்போம். யார் என்று தெரியாது, ஆனால் ‘அடிச்சுட்டாங்க’. ஸ்பானிஷும் அந்த முகம் தெரியாத பலரைத்தான் பழி சொல்லும்:

மெ ஆன் றொபாதோ லா கர்த்தேரா – பர்ஸைத் திருடிட்டாங்க.
மெ ஆன் றொபாதோ எல் மோபில் – போனைத் திருடிட்டாங்க.

பாஸ்போர்ட் தொலைந்துபோனால், நாம் தொலைத்தோம் என்று சொல்லாமல் “தொலைஞ்சு போச்சு” என்போமே, அதற்கும் நேரான வடிவம் உண்டு: ‘ஸெ மெ ஆ பெர்தீதோ எல் பஸப்போர்த்தெ’.

செய்யும் வரிசை முக்கியம். முதலில் கார்டை முடக்குங்கள். இந்திய வங்கி என்றால் இந்தியாவுக்குப் போன் போட வேண்டும், கையில் போன் இல்லை. அப்போது பக்கத்துக் கடையில் ‘மெ தேஹா யமார்?’ (ஒரு போன் பண்ணிக்கட்டுமா?). ஒரு வீட்டு எண்ணாவது மனப்பாடமாக இருந்தால்தான் இது பயன்படும். இரண்டாவதாகப் போலீஸ் நிலையம், ‘கொமிஸரீயா’. பார்சிலோனா இருக்கும் கத்தலோனியாவில் மோஸோஸ் தெஸ்குவாத்ரா, பாஸ்க் பகுதியில் எர்ட்சைன்ட்சா என்று சீருடை வேறாக இருக்கும், அவர்களும் போலீஸ்தான். மூன்றாவதுதான் தூதரகம். வரிசையை மாற்றி முதலில் தூதரகம் போனால், போலீஸ் புகாரின் நகல் எங்கே என்று திருப்பி அனுப்புவார்கள்.

கியேரோ பொனேர் ஊனா தெனூன்ஸியா – புகார் கொடுக்கணும்.
நெஸெஸீத்தோ உன் இன்த்தேர்ப்ரெத்தெ – மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.
நெஸெஸீத்தோ ஊனா கோப்பியா ஸெயாதா – முத்திரையிட்ட நகல் வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு சொல்லைத் தேடுங்கள். தெரியாமல் உருவிக்கொண்டு போனால் சட்டத்தில் ‘ஊர்த்தோ’. மிரட்டி, தள்ளி, பூட்டை உடைத்து எடுத்தால் ‘றோபோ’. பேச்சில் எல்லாமே ‘றொபாதோ’தான், தாளில் இரண்டும் வேறு. பல காப்பீடுகள் ‘றோபோ’வுக்கு மட்டும் பணம் தரும். தோளில் தொங்கிய பையை இழுத்துப் பறித்தார்கள் என்றால் அந்த இழுப்பைச் சொல்லியே ஆக வேண்டும்: ‘மெ ஆன் தாதோ உன் திரோன்’. இழுத்ததில் விழுந்தீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். நடக்காததைச் சேர்க்காதீர்கள், பொய்ப் புகார் இங்கே குற்றம்.

‘ஊர்த்தோ’ 400 யூரோவுக்குள் என்றால் சிறு குற்றமாகிவிடும். பொருளின் விலையை மனக்கணக்கில் சொல்லாமல் வாங்கிய ரசீதைப் பார்த்துச் சொல்வது நல்லது.

மத்ரீதில் உள்ள இந்தியத் தூதரகம் அவசரத்துக்குத் தரும் எமர்ஜென்சி சர்டிபிகேட், இந்தியா திரும்ப மட்டும்தான் உதவும். பயணத்தைத் தொடர வேண்டும் என்றால் புதிய பாஸ்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த நாள் பாரிஸுக்கு டிக்கெட் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

10. தொந்தரவு கொடுத்தால்

முன்பு சொன்ன ‘நீ’ இங்கேதான். கை வைக்கிறவனிடம் மரியாதை வேண்டாம்.

தேஹமெ! – விடு என்னை! (தோசைத் த)
நோ மெ தோக்கெஸ்! – என்னைத் தொடாதே!

சுற்றியிருப்பவர்களிடம் திரும்பி ‘எஸ்தெ ஓம்ப்ரெ மெ எஸ்தா மொலெஸ்தாந்தோ’, இந்த ஆள் தொந்தரவு பண்றான் என்று உரக்கச் சொல்லுங்கள். ஆங்கிலக் காதுக்குக் கடைசிச் சொல் பெரிய குற்றமாகக் கேட்கும், ஸ்பானிஷில் தொந்தரவு என்ற அளவுதான். அதைவிடப் பெரிதாக நடந்திருந்தால் இந்தச் சொல்லோடு நிறுத்திவிடாமல் என்ன செய்தான் என்று சொல்ல வேண்டும்.

வீட்டுக்குள் கணவரோ துணைவரோ அடிக்கிறார் என்றால் 016. கட்டணமில்லை, பல மொழிகளில் பேசலாம், போன் பில்லிலும் வராது. ஆனால் கையில் உள்ள போனின் அழைப்புப் பட்டியலில் எண் நிற்கும். அதை நீங்களே அழிக்க வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 112.

11. பிள்ளையைக் காணவில்லை, கடலில் ஆபத்து

எ பெர்தீதோ ஆ மி ஈஹோ – என் மகனைக் காணோம். மகள் என்றால் ‘மி ஈஹா’.
தியேனெ ஸிங்க்கோ ஆஞோஸ் – அஞ்சு வயசு.
யேபா ஊனா கமிஸேத்தா றோஹா – சிவப்பு டி-ஷர்ட் போட்டிருக்கான்.

நெரிசலான இடத்துக்குப் போகும் முன் பிள்ளையை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். சட்டை நிறம் எந்த மொழியிலும் நினைவுக்கு வராத நேரம் அது.

கடற்கரையில் சிவப்புக் கொடி என்றால் காலையும் நனைக்காதீர்கள். மூழ்குகிறவரைக் கண்டால் ‘ஸெ எஸ்தா அஒகாந்தோ!’ என்று காவலரை நோக்கிக் கத்துங்கள். அவர் பெயர் ‘சொக்கொறீஸ்தா’, 3-ஆம் பகுதியின் ‘சொக்கோறோ’வில் இருந்து வந்தவர். ஜெல்லி மீன் கொட்டினால் ‘மெ ஆ பிக்காதோ ஊனா மெதூஸா’. தேய்க்க வேண்டாம், அவரிடமே மருந்து இருக்கும்.

12. உங்களையே போலீஸ் பிடித்தால்

தெருவில் நிறுத்தி ஆவணம் கேட்பது வழக்கம்தான், பாஸ்போர்ட்டைக் காட்டினால் முடிந்தது. கைது என்றால் மட்டும் இவை:

கியேரோ உன் அபொகாதோ தெ ஒஃபீஸியோ – அரசு தரும் வக்கீல் வேண்டும்.
கியேரோ உன் இன்த்தேர்ப்ரெத்தெ – மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.
அபீஸென் ஆ மி எம்பஹாதா – என் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள்.

மூன்றும் சட்டப்படி உங்கள் உரிமை. அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் விடுவிக்கவோ நீதிபதி முன் நிறுத்தவோ வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. அதுவரை ஸ்பானிஷ் தெரிந்ததைக் காட்டிக்கொள்ள முயலாதீர்கள். இத்தனை பகுதிகளில் கற்ற எல்லாவற்றையும் இந்த ஓர் இடத்தில் மறந்துவிட்டு, மொழிபெயர்ப்பாளர் வரும்வரை வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள்.